பனம்பழம் விழுந்த நேரம்: ஸ்மார்ட்போன் அப்டேட் புகார்களை எடைபோடும் முறை

ஸ்மார்ட்போனுக்குப் புதிய மென்பொருள் பதிப்பு ஒன்று வந்து இறங்கினால், ஓரிரு நாளில் புகார்களும் கூடவே வந்துவிடும். "அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது", "போன் கொதிக்குது", "லோகோவிலேயே நிக்குது, உள்ள போகல", "திரையில பச்சைக் கோடு விழுந்திடுச்சு" என்று இணையத்தில் எழுதுகிறார்கள். சொற்கள் மாறினாலும் இந்தப் புகார்களின் அமைப்பு மாறுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு குறை, ஒரு நேரம், ஒரு காரணம் இருக்கும். குறை என்பது எழுதியவர் கண்ணால் பார்த்தது. நேரம் அவர் நினைவிலிருந்து சொல்வது. காரணம் அவராக ஊகித்தது. மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால், படிப்பவரும் மூன்றையும் சேர்த்தே நம்புகிறார், அல்லது சேர்த்தே தள்ளிவிடுகிறார். இத்தகைய புகார்களை மதிப்பிடுவதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

தமிழ் அளவை நூல்கள் இந்த மூன்றையும் பிரித்தறிய உதவும் சொற்களை முன்பே தந்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறிவைப் பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று வகுக்கிறது. புகார் எழுதியவருக்குப் பச்சைக் கோடு காண்டல். அப்டேட்தான் காரணம் என்பது கருதல். அதைப் படிப்பவருக்கோ எல்லாமே உரை. உரையை ஏற்பதற்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. கருதலை ஏற்பதற்கு வேறொரு சோதனை வேண்டும். காரணம் இருக்கும் இடத்தில் எல்லாம் விளைவு இருக்கிறதா, காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லையா என்று பார்த்தாக வேண்டும். நேர்மையான மனிதரின் ஊகமும் தவறாகலாம். இந்த எளிய வேறுபாட்டை மனத்தில் இருத்தினால், பல புகார்களைப் பற்றிய குழப்பம் தானே தெளியும்.

இந்த மதிப்பீடு தவறினால் இரு பக்கமும் இழப்பு உண்டு. அப்டேட் என்பது புதிய அலங்காரம் மட்டுமன்று. 2015 ஆகஸ்ட் முதல் கூகுள் பெரும்பாலும் மாதந்தோறும் ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. யூபிஐ வழியே காய்கறிக்கடைக்குக்கூடப் பணம் செலுத்தும் போனில் அவற்றைப் போடாமல் விடுவது ஆபத்து. பொய்யான பயம் பரவினால் ஆயிரக்கணக்கானோர் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். மறுபக்கம், உண்மையான புகாரை "இதெல்லாம் மனப்பிரமை" என்று ஒதுக்கினால், நிறுவனம் ஏற்க வேண்டிய செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் ஒரு டிஸ்ப்ளே, கடன் தவணையில் போன் வாங்கிய குடும்பத்துக்குச் சின்னச் செலவில்லை.

காக்கை உட்கார்ந்ததும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வடமொழித் தருக்கம் காகதாலீய நியாயம் என்கிறது. அப்டேட் புகார்களில் இந்தப் பிழை எவ்வளவு எளிதாக நுழைகிறது என்பதை ஒரு கணக்கே காட்டும். ஒரு வாரத்தில் 1 கோடி போன்களுக்கு ஒரு அப்டேட் போகிறது என்று கொள்வோம். அந்த வகைப் போனில் சராசரியாக 5 ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் பெரிய கோளாறு வரும் என்றும் கொள்வோம். 5 ஆண்டு என்பது 260 வாரம். அப்டேட்டில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், அந்த ஒரு வாரத்தில் மட்டும் ஏறக்குறைய 38,000 போன்கள் தாமாகப் பழுதாகியிருக்கும். அந்த 38,000 பேரும் "நேற்றுதான் அப்டேட் போட்டேன்" என்று சத்தியம் செய்யலாம். அது உண்மையாகவும் இருக்கும். அவர்களில் நூற்றில் ஒருவர் இணையத்தில் எழுதினாலே 380 புகார்கள் சேர்ந்துவிடும். அப்டேட்டையே குற்றம் சொல்லும் 380 குரல்களைப் படிப்பவர், அது தற்செயல் என்று நினைக்க மாட்டார். மறுபக்கம், போன் நன்றாக இருப்பவர்கள் அதைப் பற்றி எழுத உட்காருவதே இல்லை. ஆகவே புகார்களின் எண்ணிக்கை தனியாக எதையும் சொல்வதில்லை. அந்த எண்ணிக்கைக்குக் கீழே வகுக்க வேண்டிய எண்ணும், அப்டேட் போடாதவர்களிடம் அதே குறை எவ்வளவு வந்தது என்பதும் தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

அப்டேட் முடிந்த முதல் இரண்டு மூன்று நாட்கள் தனி வகை. அப்போது போன் படங்களை மறுபடி வகைப்படுத்தும், தேடலுக்கான அட்டவணையைப் புதிதாகக் கட்டும், செயலிகளைப் புதிய பதிப்புக்கேற்ப மாற்றித் தொகுக்கும், செயலிகளின் அப்டேட்களையும் பின்னணியில் இறக்கும். சூடாவதும் சார்ஜ் குறைவதும் அப்போது இயல்பே. 2025இல் ஐஓஎஸ் 26 வெளியானபோது, அப்டேட் முடிந்தவுடன் மின்கல ஆயுளிலும் வெப்பத்திலும் தற்காலிக மாற்றம் தெரியலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. முதல் நாள் மாலையில் எழுதப்பட்ட புகார் பொய்யாகாது; ஆனால் பத்து நாள் கழித்தும் அதே குறை இருக்கிறது என்று எழுதியவரின் சொல்லுக்கே எடை அதிகம்.

ஊர்ச் சூழலும் குறுக்கே வரும். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் இதற்கு நல்ல உதாரணம். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கூட்டம் பல மடங்காகும். ஒரு செல்போன் கோபுரத்தின் அலைவரிசை, அதைப் பிடித்திருக்கும் எல்லாப் போன்களுக்கும் பங்காகிறது. ஆகவே அந்த இரவுகளில் நெட் ஊர்கிறது, அழைப்பு அறுகிறது, விட்டுவிட்டு வரும் சிக்னலைத் தேடித் தேடிப் போன் கூடுதல் மின்சாரம் செலவழிக்கிறது. பௌர்ணமிக்கு முந்தைய நாள் அப்டேட் போட்டவருக்கு, குற்றவாளி அப்டேட்தான். அடுத்த வாரம் அதே போனில் அதே இடத்தில் நெட் எப்படி இருந்தது என்று கேட்கும்வரை இரண்டில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடையும் அப்படியே. ஐபோன்கள் இயங்கத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் என்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திர நாட்களில் இந்தப் பகுதியின் வெயில் 40 பாகையைத் தொடும். மே மாதம் வந்த அப்டேட் போனைச் சூடாக்குகிறது என்ற புகாரை, டிசம்பரில் வந்த அப்டேட்டைப் பற்றிய அதே புகாரோடு சமமாக வைக்க முடியாது.

இந்தியா முழுவதற்கும் பொதுவான ஒரு குறுக்கீடு 2022 இறுதியில் நேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியது. ஆனால் இந்திய ஐபோன்களில் அது டிசம்பர் 13 அன்று வந்த ஐஓஎஸ் 16.2 பதிப்புக்குப் பிறகே திறந்தது. ஒரே அப்டேட்டில் புதிய மென்பொருளும் வந்தது, போன் அதுவரை பயன்படுத்தாத ரேடியோவும் விழித்துக்கொண்டது. புதிதாக அமைக்கப்பட்டு வந்த 5ஜி வலையமைப்பில், சிக்னல் பலவீனமான இடத்தில் அந்த ரேடியோ சார்ஜை வேகமாகத் தின்னும். "16.2 சார்ஜைக் குடிக்குது" என்ற புகாரைச் சோதிக்க, அமைப்பில் 4ஜிக்கு மாற்றி இரண்டு நாள் பார்த்தாலே போதும்.

போனின் பழைய வரலாறு பெரும்பாலும் புகாரில் எழுதப்படுவதில்லை. நினைவகம் நிரம்பி வழியும் போன் எந்தப் பதிப்பிலும் திணறும். வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றிய போன் தனிக் கதை. 2018இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, மாற்று டிஸ்ப்ளே பொருத்திய சில ஐபோன் 8களில் தொடுதிரை வேலை செய்யாமல் போனது, 11.3.1 அதைச் சரிசெய்தது. அங்கே குறையும் உண்மை, அப்டேட்டின் பங்கும் உண்மை. ஆனால் "ஐபோன் 8 எல்லாம் செத்துப்போச்சு" என்று பொதுவாக எழுதியவர், தன் போனில் மாற்றிய டிஸ்ப்ளேயைச் சொல்லாமல் விட்டதால் மற்றவர்களைத் தேவையின்றி மிரட்டிவிட்டார்.

சராசரியில் மறைந்த உண்மை

இதுவரை சொன்னவை புகார்களைச் சந்தேகிக்கக் கற்றுத்தருபவை. சந்தேகத்துக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டுவது ஐபோன் வேகக் குறைவு விவகாரம். அப்டேட் புகார்களின் வரலாற்றில் இதைவிடப் பாடம் நிறைந்த நிகழ்வு வேறில்லை.

2014 ஜூலையில், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன், நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு வரைபடத்தைப் பற்றி எழுதினார். ஹார்வர்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த லாரா ட்ரூக்கோ தயாரித்தது அது. "ஐபோன் ஸ்லோ" என்று கூகுளில் தேடுவோர் எண்ணிக்கை, ஒவ்வொரு புதிய ஐபோன் வெளியீட்டின்போதும் திடீரென்று எகிறியது. சாம்சங் கேலக்ஸிக்கு அப்படி எகிறவில்லை. பழைய போனை வேண்டுமென்றே மந்தமாக்கிப் புதியதை வாங்கவைக்கிறார்கள் என்ற ஐயத்துக்கு இது தீனி போட்டது. முல்லைநாதன் அவசரப்படவில்லை. புதிய ஐபோனும் புதிய ஐஓஎஸும் ஒரே சமயத்தில் வருகின்றன. பழைய போன் வைத்திருப்போர் எல்லாம் அப்போதுதான் புதிய பதிப்புக்கு மாறுகிறார்கள். ஆண்ட்ராய்டில் போனை விற்பவர் ஒருவர், மென்பொருளை எழுதுபவர் வேறொருவர். பதிப்புகளும் வெவ்வேறு நாட்களில் வருகின்றன. ஆகவே வேண்டுமென்ற சதி இல்லாமலே அந்த எகிறல் நிகழலாம் என்றார். தேடல் எண்ணிக்கை மக்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதைச் சொல்லும், ஏன் உணர்ந்தார்கள் என்பதைச் சொல்லாது என்பதே அவர் வாதம். இன்றும் அந்த வாதத்தில் திருத்த ஒன்றுமில்லை.

2017 அக்டோபரில் வேகச் சோதனை மென்பொருள் செய்யும் ஃபியூச்சர்மார்க் நிறுவனம், தன்னிடம் குவிந்திருந்த ஐபோன் சோதனை முடிவுகளை மாதவாரியாகச் சராசரி எடுத்து வெளியிட்டது. பதிப்புகள் மாறியும் சராசரி வேகம் பெரிதாகக் குறையவில்லை. புகார்கள் மனப்பிரமையே என்று பலர் தீர்ப்பளித்துவிட்டார்கள். அளவீடு வந்துவிட்டதே, இனி என்ன கேள்வி என்று தோன்றியது.

இரண்டே மாதத்தில் அந்தத் தீர்ப்பு சரிந்தது. 2017 டிசம்பரில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், தன் போன் மந்தமாக இருந்ததாகவும், மின்கலத்தை மாற்றியதும் வேகம் திரும்பியதாகவும் எழுதினார். வெறுமனே சொல்லாமல் கீக்பெஞ்ச் சோதனை எண்களையும் வைத்தார்: மாற்றுவதற்கு முன் 1466, மாற்றிய பின் 2526. கீக்பெஞ்சை உருவாக்கிய ஜான் பூல், தன் தரவுக் கிடங்கிலிருந்த 6எஸ் முடிவுகளைப் பதிப்புவாரியாகப் பிரித்து டிசம்பர் 18 அன்று வெளியிட்டார். அவர் சராசரி எடுக்கவில்லை; எத்தனை போன்கள் எந்த வேகத்தில் இருக்கின்றன என்ற பரவலை வரைந்தார். ஐஓஎஸ் 10.2.0 பதிப்பில் ஒரே குன்று. அடுத்து வந்த பதிப்புகளில் அந்தக் குன்றுக்குக் கீழே புதிய சிறு குன்றுகள் முளைத்திருந்தன. மின்கலம் தேய்ந்த போன்கள் குறிப்பிட்ட படிகளில் வேகம் குறைக்கப்பட்டிருந்தால்தான் அப்படி ஒரு வடிவம் வரும். இரண்டு நாள் கழித்து ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தேய்ந்த லித்தியம் அயனி மின்கலத்தில் உள்தடை கூடுகிறது. புராசஸர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் விழுந்து போன் அணைந்துவிடுகிறது. அதைத் தடுக்கவே 2017 ஜனவரியின் 10.2.1 பதிப்பு முதல் புராசஸரின் உச்ச வேகத்தை மென்பொருள் கட்டுப்படுத்தியது. நோக்கத்தில் நியாயம் இருந்தது. வாங்கியவரிடம் சொல்லாமல் செய்ததுதான் குற்றம். டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கேட்ட ஆப்பிள், மின்கல மாற்றுக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. பழைய நோட் 4 போன்களுக்குப் பொருந்தாத அப்டேட்டைப் போடத் தூண்டியதற்காகச் சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ விதித்தது. பிரான்ஸ் 2020 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது.

பயனர்கள் சொன்ன குறை முழு உண்மை. "புதிய போன் விற்கச் செய்த சதி" என்ற அவர்கள் ஊகம் மட்டுமே நிறுவப்படவில்லை. ஃபியூச்சர்மார்க்கின் அளவீடு சரியான கணக்கு. தவறான கேள்விக்கு விடை சொன்ன கணக்கு. நூறு போனில் பதினைந்து போன் மட்டும் தவழ்ந்தால், சராசரி அதை விழுங்கிவிடும். ஆகவே "எங்கள் சோதனையில் குறை தெரியவில்லை" என்ற நிறுவனப் பதிலையும் புகாரைப் போலவே எடைபோட வேண்டும். எத்தனை வயதான போனில், எந்த நிலை மின்கலத்தில் சோதித்தார்கள் என்பது தெரியாமல் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

பயனர்களே சோதனை செய்து உண்மையை வெளிக்கொணர்ந்த இன்னொரு நிகழ்வு 2022 மார்ச்சில் தென்கொரியாவில் நடந்தது. சாம்சங் போன்களில் விளையாட்டுகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சேவை, ஒன் யூஐ 4 அப்டேட்டுக்குப் பின் பயனர்கள் நிறுத்த முடியாததாகிவிட்டது என்று புகார் எழுந்தது. வேகச் சோதனைச் செயலிக்கு ஒரு பிரபல விளையாட்டின் பெயரைச் சூட்டிச் சோதித்தார்கள். பெயர் மாறியதும் புள்ளி சரிந்தது. போனும் மென்பொருளும் சோதனையும் அப்படியே இருக்க, பெயர் ஒன்றே மாறியது. காரணத்தை இவ்வளவு சுத்தமாகத் தனிமைப்படுத்திய புகார்கள் அரிது. கீக்பெஞ்ச் அந்தப் போன்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது; சாம்சங் மன்னிப்புக் கேட்டது.

பச்சைக் கோடு

இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட அப்டேட் புகார் பச்சைக் கோடுதான். அமோலெட் திரை கொண்ட ஒன்பிளஸ், சாம்சங் போன்களில், அப்டேட் முடிந்து போன் மறுபடி எழும்போது மேலிருந்து கீழாக ஒரு பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடு நிற்பதாக நூற்றுக்கணக்கானோர் எழுதினார்கள். கீழே போட்டதில்லை, தண்ணீர் பட்டதில்லை, அப்டேட் மட்டுமே போட்டோம் என்றார்கள்.

இந்தக் காரணத்தைச் சோதிக்கத் திரையின் கட்டமைப்பு தெரிந்திருக்க வேண்டும். அமோலெட் திரையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி இணைப்பு உண்டு. திரையை இயக்கும் சில்லிலிருந்து மெல்லிய வளையும் பட்டை வழியாக அவை வருகின்றன. ஒரு இணைப்பு தளர்ந்தால் அந்த நெடுவரிசை முழுதும் கட்டுப்பாடின்றி ஒளிரும். அதுவே கோடு. மென்பொருள் ஒரு இணைப்பைத் தானாக அறுக்காது. ஆனால் அப்டேட்டின்போது போன் நெடுநேரம் முழுச் சுமையில் இயங்கிச் சூடாகிறது. ஏற்கெனவே தளர்ந்த இணைப்புக்கு அந்தச் சூடு கடைசி அடியாக அமையலாம். அப்படியானால் வெயிலில் வைத்துப் பார்த்த நீண்ட வீடியோவும் அதே அடியைக் கொடுத்திருக்கும். அப்டேட் போடாத போன்களிலும் கோடு வந்ததா, எந்த விகிதத்தில் வந்தது என்ற கணக்கு சர்வீஸ் சென்டர் பதிவேடுகளில்தான் இருக்கும். வாங்கியவர் கையில் இருக்காது.

பச்சைக் கோடு திரையை மாற்றினால் போயிற்று. மென்பொருள் திருத்தத்தால் போகவில்லை. குறை எதனால் தீர்ந்தது என்ற செய்தி, எதனால் வந்தது என்ற ஊகத்தைவிட நம்பகமான சாட்சி. ஒன்பிளஸ் 2023இல் இந்தியாவில் 8 ப்ரோ, 8டி, 9, 9ஆர் போன்ற மாடல்களுக்கு இலவசத் திரை மாற்றத்துக்கு முன்வந்தது. சாம்சங்கும் சில கேலக்ஸி எஸ் வரிசைப் போன்களுக்கு ஒருமுறை இலவச மாற்றம் அளித்தது. ஆக, அப்டேட்தான் கோட்டைப் போட்டது என்ற விளக்கம் பலவீனமானது. இந்தத் திரைகளில் குறை இருக்கிறது என்ற புகார் வலுவானது. விளக்கம் பிழை என்பதற்காகப் புகாரையே தள்ளியிருந்தால், அந்த இலவசத் திரைகள் யாருக்கும் கிடைத்திருக்காது.

காரணம் எதிர்ப்பக்கம் தவறிப்போனதும் உண்டு. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 ப்ரோ சூடாவதாகப் புகார் எழுந்தபோது, புதிய டைட்டானியம் சட்டமும் வடிவமைப்பும்தான் காரணம் என்று அறிந்தவர்கள்கூடச் சொன்னார்கள். ஐஓஎஸ் 17இல் ஒரு பிழையும், இன்ஸ்டாகிராம், ஊபர் போன்ற செயலிகளின் நடத்தையும் காரணம் என்றது ஆப்பிள். அக்டோபர் 4 அன்று 17.0.3 பதிப்பை வெளியிட்டது. வன்பொருள் என்று நினைத்த குறைக்கு அப்டேட்டே மருந்தாக வந்தது.

கூலிக்கு எழுதியதும் கேட்டு எழுதியதும்

எல்லாப் புகாரும் நேர்மையாக எழுதப்பட்டதில்லை. 2013 அக்டோபரில் தைவானின் நியாய வணிக ஆணையம், போட்டி நிறுவனமான எச்டிசியை இழித்து எழுத ஆள்வைத்ததற்காகச் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் போலி விமர்சனங்களைக் கட்டுப்படுத்த, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 19000:2022 தரம் 2022 நவம்பரில் வந்தது. விமர்சனம் எழுதியவரைச் சரிபார்ப்பது முதல் வெளியிடுவது வரை நெறிகளை அது சொல்கிறது. ஆனால் ஏற்பதும் ஏற்காததும் தளங்களின் விருப்பம்.

கூலிப் புகாரைவிடப் பரவலானது கேட்டு எழுதும் புகார். ஒருவர் எழுதிய "சார்ஜ் குறையுது" என்பதைப் படித்தவர், அன்றுவரை பார்க்காத மின்கல விழுக்காட்டை மணிக்கொருமுறை பார்க்கத் தொடங்குகிறார். அடிக்கடி பார்ப்பதாலேயே திரை கூடுதல் நேரம் எரிகிறது. பத்துப் பேர் ஒருவரையொருவர் கேட்டுச் சொன்னால் அது பத்துச் சாட்சி ஆகாது. செய்தி பரவுவதற்கு முன்பே, தனித்தனியாக, வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட மூன்று புகார்களுக்கு எடை அதிகம். ஆகவே புகாரின் தேதியைப் பார்க்க வேண்டும். அது முதலில் எழுந்த நாளைத் தேடிப்போக வேண்டும்.

கனமான புகாரின் அடையாளங்கள்

2014 செப்டம்பர் 24 அன்று ஐஓஎஸ் 8.0.1 வெளியானது. சில நிமிடங்களிலேயே, ஐபோன் 6, 6 பிளஸ் வைத்திருந்தவர்கள் சிக்னல் போய்விட்டது, கைரேகை வேலை செய்யவில்லை என்று எழுதினார்கள். பழைய மாடல்காரர்கள் அப்படி எழுதவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. சுமார் 40,000 போன்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது, மறுநாளே 8.0.2 வந்தது. அந்தப் புகார்களில் கனம் எங்கே இருந்தது என்று பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். குறை தெளிவானது, "ஏதோ மந்தமா இருக்கு" என்பதுபோல் மங்கலாக இல்லை, சிக்னல் இருக்கிறது அல்லது இல்லை. அது குறிப்பிட்ட மாடலோடு நின்றது. பழைய பதிப்புக்குத் திரும்பியதும் நீங்கியது.

2021 புத்தாண்டையொட்டி ஷாவ்மியின் மி ஏ3 போன்களில் நேர்ந்ததும் இதே சாயல். ஆண்ட்ராய்டு 11 அப்டேட்டுக்குப் பின் போன்கள் உயிர்த்தெழவே இல்லை. ஒரே மாடல், ஒரே பதிப்பு, ஒரே நாட்கள், ஒரே முடிவு. ஷாவ்மியின் இந்தியக் கிளை உத்தரவாதக் காலம் முடிந்த போன்களையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

ஆண்ட்ராய்டு அப்டேட்கள் பெரும்பாலும் படிப்படியாக, முதலில் சிறு பங்குப் போன்களுக்கு, பிறகே மற்றவர்களுக்கு என்று போகின்றன. நாட்டுக்கு நாடு பதிப்பும் மாறும். ஆகவே அமைப்புகளில் "போன் பற்றி" பக்கத்தில் இருக்கும் முழுப் பதிப்பு எண்ணை எழுதாத புகாரை மற்றொன்றோடு சேர்த்து எண்ணக்கூடாது. கொரியாவில் ஒரு பதிப்பில் வந்த குறை, அதே மாடலின் இந்தியப் பதிப்பில் இல்லாமலே போகலாம். மாடல், பதிப்பு எண், அப்டேட் போட்ட நாள், குறை தெரிந்த நாள், போனின் வயது, மின்கல நிலை, செய்துபார்த்த மாற்றங்கள், அவற்றின் விளைவு ஆகியவை உள்ள ஒரு புகார், கோபம் மட்டும் நிறைந்த நூறு புகாருக்குச் சமம்.

பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்க்கும் சோதனை இப்போது பெரும்பாலும் பயனர் கையில் இல்லை. புதிய பதிப்பு வந்து சில வாரங்களில் ஆப்பிள் பழையதற்கு அனுமதி தருவதை நிறுத்திவிடுகிறது. 2022இல் பிக்சல் 6 வரிசைக்கு வந்த ஆண்ட்ராய்டு 13, 12க்குத் திரும்பும் வழியை அடைத்தது. பாதுகாப்புக்காக என்பது நியாயமான காரணமே. ஆனால் இதனால், காரணத்தை நிறுவும் மிகச் சிறந்த கருவி வாங்கியவரிடமிருந்து பறிக்கப்பட்டு விற்றவரிடம் மட்டும் இருக்கிறது. நிரூபிக்கும் சுமையை யார் ஏற்பது என்று பேசும்போது இதை மறக்கக்கூடாது.

அப்டேட்தான் காரணம் என்று நிறுவனமே சொல்லிவிடும் நிகழ்வுகளும் உண்டு. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு வந்த அப்டேட், சில போன்களில் மின்கலத்தின் கொள்ளளவைக் குறைத்தது. இலவச மாற்று மின்கலம் அல்லது பணம் தருவதாகக் கூகுள் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ போன்களுக்கும், 400 சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவைக் குறைக்கும் கட்டாய அப்டேட் வந்தது. மின்கலம் அதிகம் சூடாகும் ஆபத்தைக் குறைப்பது அதன் நோக்கம். அந்த வாரங்களில் "ஒரே நாளில் சார்ஜ் பாதியாகிவிட்டது" என்று எழுதியவர்களை, காக்கையும் பனம்பழமும் என்று சொல்லித் தள்ளியிருந்தால் அது அநியாயமாக முடிந்திருக்கும்.

புகார் மனுவாகும் இடம்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பட்டா, பாதை, ஓய்வூதியம் என்று மனுக்கள் குவிகின்றன. மனுவை வாங்கும் அலுவலர் அதை அங்கேயே நம்புவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எண்ணிட்டுத் துறைக்கு அனுப்புகிறார், கள விசாரணை அறிக்கை வருகிறது. போன் புகார்களுக்கும் இந்த நடுவழியே பொருத்தம். நாடு முழுதுக்குமான வழி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 பதிப்புகளைப் போட்டபின் ஐபோன்களின் செயல்திறன் குறைந்ததாக அங்கே வந்த புகார்களை ஆராய்ந்தபின், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அதை 23ஆம் தேதி அறிவித்தார். நோட்டீஸ் தீர்ப்பாகாது. தனித்தனியே சிதறிக் கிடந்த குரல்களை ஒரே பதிவேட்டில் சேர்த்து, கணக்கு வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்டதே அதன் பயன்.

தனி மனிதருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறை எழுந்த 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. சோதிக்காமல் முடிவு செய்ய முடியாத குறை என்றால், பொருளை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் இதே குறையை எழுதிய நூறு பேரின் சொற்கள் அங்கே துணைச் செய்தியாக மட்டுமே நிற்கும். பில், உத்தரவாத அட்டை, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட், அதில் அவர்கள் எழுதிய கோளாறின் பெயர், அப்டேட் போட்ட நாளில் எடுத்த பதிப்பு எண் படம் ஆகியவையே முதலில் கேட்கப்படும். போனைச் சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது பலரும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஜாப் ஷீட்டைப் படிக்காமலே மடித்து வைத்துக்கொள்கிறார்கள். "திரையில் கோடு" என்பதற்குப் பதில் "வெளிச் சேதம்" என்று அதில் எழுதியிருந்தால், அதைக் கொடுத்த இடத்திலேயே, அப்போதே திருத்தி வாங்க வேண்டும். பிறகு எந்த ஆணையத்திலும் அந்த ஒரு வரியை மாற்றுவது கடினம்.